பத்து மீட்டர் படகில் ஒரு மென்பொருள் பட்டறை: ‘ஹண்ட்ரட் ராபிட்ஸ்’ நிகழ்வு ஆய்வு

நாடு நாடாகப் போய்க்கொண்டே சொந்தமாக மென்பொருள் செய்து பிழைக்க முடியுமா என்று கேட்டால், கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. காலையில் நான்கு மணி நேரம் வேலை, மாலையில் ஊர் சுற்றல், நல்ல வைஃபை உள்ள காபிக் கடை என்று பட்டியல் நீளும். கனடாவின் டெவீன் லு லின்வேகா, ரெக்கா பெல்லம் இருவரும் ‘ஹண்ட்ரட் ராபிட்ஸ்’ என்ற பெயரில் நடத்திவரும் பட்டறையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. டெவீன் நிரலாளர், இசைக் கலைஞர். ரெக்கா ஓவியர், எழுத்தாளர். 2016 தொடக்கத்தில் ‘பினோ’ என்ற பாய்மரப் படகில் குடியேறி, பசிபிக் பெருங்கடலைச் சுற்றிவந்தபடியே விளையாட்டுகளும் கருவிகளும் வெளியிட்டார்கள். வேலை நேரம் அவர்களுக்குப் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கையிலிருந்த கருவிகள்தான் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

பினோ ஒரு யமஹா 33 ரகப் படகு. 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது, சுமார் 10 மீட்டர் நீளம். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து 2016இல் தெற்கே இறங்கி, சான் பிரான்சிஸ்கோ, மெக்சிகோ வழியாக 2017இல் பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளை அடைந்தது. அந்த ஒரு கடப்புக்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. பிறகு நியூசிலாந்து, ஃபிஜி, மார்ஷல் தீவுகள், ஜப்பான். 2020இல் ஜப்பானின் ஷிமோடாவிலிருந்து கனடாவின் விக்டோரியாவுக்கு, நடுவில் எங்கும் நிற்காமல், 51 நாளில் திரும்பினார்கள். உலகின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் அளந்தாலும் அந்தத் தூரம் 4,100 கடல் மைலைத் தாண்டும். அந்த 51 நாளில் வழியில் இறங்கி ஒரு கோப்பைப் பதிவிறக்க இடமே கிடையாது.

முதலில் நின்றது எது

படகேறியபோது அவர்களிடம் இருந்தவை அந்தக் காலத்தில் எந்தத் தனி நிரலாளரிடமும் இருந்த பொருள்கள்: ஆப்பிள் மடிக்கணினி, ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருள், சந்தா கட்டிப் பயன்படுத்தும் வரைகலை மென்பொருள். நிலத்தில் இவற்றால் ஒரு தொல்லையும் இல்லை. படகில் மூன்று விதமாகத் தொல்லை வந்தது.

ஒன்று, அளவு. எக்ஸ்கோட்டின் ஒரு புதுப்பிப்பு பல ஜிகாபைட். தீவுத் துறைமுகங்களில் இணையம் மெகாபைட் கணக்கில் விற்கப்பட்ட காலம் அது. புதிய எக்ஸ்கோட் புதிய மேக் இயங்குதளத்தைக் கேட்கும். அது இன்னும் சில ஜிகாபைட். இவ்வளவையும் இறக்காமல் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி ஆப் ஸ்டோரில் ஏற்ற முடியாத நிலை வரும், ஏனென்றால் புதிய எஸ்டிகேயில் (செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பில்) கட்டப்பட்ட செயலிகளையே ஏற்போம் என்று ஆப்பிள் அவ்வப்போது காலக்கெடு வைக்கிறது. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் செயலிகள் அனைத்தும் திறக்காமல் போயின. பினோ அப்போது தெற்குப் பசிபிக்கில் இருந்தது. கடலில் இருப்பவருக்குக் காலக்கெடு நீட்டித்துத் தரும் ஏற்பாடு எந்தச் செயலிக் கடையிலும் இல்லை.

இரண்டு, உரிமச் சோதனை. சந்தா மென்பொருள்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுப் பார்க்கும். தொட முடியாவிட்டால் பணம் கட்டியிருந்தாலும் திறக்காது. ஒரு மாதக் கடப்பின் நடுவில் இது நடந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்று, மின்சாரம். இதுதான் விரிவாகப் பார்க்க வேண்டியது. பயணத்தில் வேலை செய்கிற எவருக்கும், படகோ ரயிலோ மலைக் கிராமமோ, வேலையின் உண்மையான எல்லையை மின்கணக்கே வகுக்கிறது.

வாட்-மணிக் கணக்கு

10 மீட்டர் படகில் வெயில் விழும் இடம் குறைவு. 200 வாட் சோலார் பேனல் வைப்பது வழக்கமான அளவு. வெப்பமண்டலத்தில் நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் 1,000 வாட்-மணி கிடைக்கும். பாயின் நிழல், பேனலின் சூடு, கோணம், கம்பி இழப்பு எல்லாம் போக 600 கைக்கு வந்தால் நல்ல நாள். மேகமூட்டமான நாளில் 150க்கும் இறங்கும். சேமிப்புப் பக்கம்: 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 2,400 வாட்-மணி, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் பயன்படுவது 1,200.

செலவுப் பக்கம் பார்ப்போம். வேலை செய்யும்போது 45 வாட் இழுக்கும் மடிக்கணினி, 6 மணி நேரத்தில் 270 வாட்-மணி. அதை இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டாக்கி, பிறகு சார்ஜர் வழியாக மறுபடி 20 வோல்ட்டாக இறக்கினால் 15 சதவீதம் வரை வெப்பமாகப் போகும். 310 என்று வையுங்கள். இருவர் வேலை செய்தால் 620. அதாவது நல்ல நாளின் முழு வரவும் இரண்டு கணினிக்கே போய்விடும். இரவு நங்கூர விளக்கு, வானொலி, வழிகாட்டிக் கருவிகள் எதற்கும் மிச்சமில்லை. குளிர்ப்பெட்டி வைத்தால் அது ஒன்றே நாளுக்கு 500 வாட்-மணி கேட்கும். அவர்கள் குளிர்ப்பெட்டி இல்லாமலே வாழப் பழகினார்கள். சமையலையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கு எதிரே ஒரு ராஸ்பெர்ரி பை பலகையை வையுங்கள். நடுத்தர வேலையில் 5 வாட், சின்னத் திரைக்கு 6 வாட். 6 மணி நேரத்துக்கு 66 வாட்-மணி. இருவருக்கும் சேர்த்து 132. மேகமூட்டமான நாளின் 150க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஹண்ட்ரட் ராபிட்ஸ் லினக்ஸுக்கும் குறைந்த மின்சாரக் கணினிகளுக்கும் நகர்ந்ததன் பின்னால் இந்த விகிதம்தான் இருக்கிறது. பெரிய பேட்டரி வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பேட்டரி வெயிலைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது. பேனல் கூட்ட இடமில்லாத படகில் செலவைக் குறைப்பது ஒன்றே வழி.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் இடம் இன்வெர்ட்டர். எதுவும் செருகாமல் வெறுமனே ஓடினாலே 5 முதல் 15 வாட் வரை தின்னும் இன்வெர்ட்டர்கள் உண்டு. 10 வாட் என்றால் ஒரு நாளுக்கு 240 வாட்-மணி, கிட்டத்தட்ட ஒரு மடிக்கணினியின் வேலைநாள். 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக யுஎஸ்பி-சி பவர் டெலிவரி தரும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால் இந்த இழப்பில் பெரும்பகுதி போய்விடும். பயணத்துக்குக் கணினி தேர்ந்தெடுக்கும்போது ‘யுஎஸ்பி-சியில் 45 வாட்டுக்குள் சார்ஜ் ஆகுமா’ என்று பார்ப்பது ப்ராசஸரின் வேகத்தைவிட முக்கியம்.

ஒரு மெகாபைட்டுக்கு ஒரு மணி நேரம்

நடுக்கடலில் படகோட்டிகள் நீண்ட காலம் நம்பியிருந்தது இரிடியம் செயற்கைக்கோள் வலை. அதன் பழைய தரவு இணைப்பின் வேகம் நொடிக்கு 2,400 பிட். ஒரு மெகாபைட்டில் 80 லட்சம் பிட். வகுத்தால் ஒரு மெகாபைட்டுக்கு சுமார் 56 நிமிடம். இந்த அளவுகோலை வைத்து மென்பொருள் உலகைப் பார்த்தால் எல்லாமே வேறு உருவம் கொள்கிறது. 4 கிலோபைட் உள்ள ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) 13 நொடியில் போய்விடும். 10 கிலோபைட் நிரல் அரை நிமிடம். ஓர் உலாவியையே உள்ளே பொதிந்த 100 மெகாபைட் எலக்ட்ரான் செயலிக்கு கிட்டத்தட்ட நான்கு நாள், இணைப்பு அறுபடாமல் இருந்தால். 10 ஜிகாபைட் கருவித்தொகுப்புக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

இப்போது ஸ்டார்லிங்க் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. 2024இல் வந்த அதன் மினி கருவி 25 முதல் 40 வாட் வரை இழுக்கிறது. 12 மணி நேரம் ஓடவிட்டால் 300 முதல் 480 வாட்-மணி. மேலே போட்ட மின்கணக்கில் அதற்கு எங்கே இடமென்று பாருங்கள். ஒரு நாளில் அரை மணி நேரம் மட்டும் ஏற்றி, கிட் ரெப்போவை (நிரலையும் அதன் மாற்றங்களையும் காக்கும் களஞ்சியத்தை) ஒத்திசைத்து, கடிதங்களை இறக்கி, அணைத்துவிடும் ஒழுங்கு இருந்தால் 20 வாட்-மணியில் முடியும். அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்குகிற கருவிகள் தேவை என்ற பழைய பாடம் அப்படியே நிற்கிறது.

மூன்று கட்டமாக மாறிய கருவிகள்

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. முதல் கட்டத்தில் சந்தா மென்பொருள்களுக்கு மாற்றாகச் சொந்தக் கருவிகளை எழுதினார்கள். எழுத ‘லெஃப்ட்’, படங்களைத் திருத்த ‘ரோனின்’, கோட்டு வரைபடங்களுக்கு ‘டாட்கிரிட்’. இசைக்கு ‘ஆர்கா’: ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்தும் ஒவ்வொரு செயலாக இயங்கும் இரு பரிமாண நிரல்மொழி அது. ஆர்கா தானாக ஒலி எழுப்பாது. இசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மிடி போன்ற வழிகளில் வேறு கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும். அதனால் சின்னதாகவே இருக்க முடிந்தது.

இந்தக் கருவிகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி எலக்ட்ரானில் பொதிந்திருந்தார்கள். உரிமச் சோதனை ஒழிந்தது. அளவும் மின்சாரமும் ஒழியவில்லை. ஒரு குறிப்பேட்டைத் திறக்க முழு குரோமியம் உலாவியையும் கூடவே ஓட்ட வேண்டியிருந்தது. அடிப்படை நூலகங்கள் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டி, மறுபடி நூறு மெகாபைட் ஏற்ற வேண்டும். இரண்டாம் கட்டத்தில் சில கருவிகளை சி மொழியிலும், திரையையும் ஒலியையும் கையாளும் எஸ்டிஎல் நூலகத்திலும் மாற்றி எழுதினார்கள். மின்செலவு சட்டென்று இறங்கியது. ஆனால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுக்க வேண்டிய வேலை மிச்சமிருந்தது.

மூன்றாம் கட்டத்துக்கு வழி காட்டியது ஒரு சீட்டு விளையாட்டு. ‘டான்சோல்’ என்ற அதை நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கருவிக்காக 6502 அசெம்பிளியில் டெவீன் எழுதியிருந்தார். அந்தக் கோப்பு சில பத்துக் கிலோபைட்தான். எந்தக் கணினியில் என்இஎஸ்ஸைப் போல நடிக்கும் எமுலேட்டர் இருந்தாலும் ஓடியது, எந்தப் புதுப்பிப்பும் அதைக் கெடுக்கவில்லை. விளையாட்டுக் கருவிக்கு இருக்கும் இந்த நீண்ட ஆயுள் எல்லாக் கருவிகளுக்கும் கிடைத்தால் என்ன என்ற எண்ணத்தில் 2021இல் பிறந்ததுதான் ‘யுஎக்ஸ்என்’ என்ற மெய்நிகர் கணினி.

அதன் கட்டமைப்பு மனப்பாடம் செய்துவிடக்கூடிய அளவு. நினைவகம் 64 கிலோபைட். தலா 256 பைட் உள்ள இரண்டு அடுக்குகள், ஒன்று வேலைக்கு, ஒன்று திரும்பும் முகவரிகளுக்கு. 32 அடிப்படைக் கட்டளைகள். ஒரு கட்டளை ஒரு பைட்: 5 பிட் எந்தக் கட்டளை என்று சொல்லும், மீதி 3 பிட் எந்த முறையில் என்று சொல்லும். திரை, விசைப்பலகை, ஒலி, கோப்பு ஆகியவற்றுக்காக 16 சாதனங்கள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். திரையில் நான்கு நிறம். இந்த இயந்திரத்தின் மையப் பகுதியை சியில் எழுத சில நூறு வரி கூடத் தேவையில்லை. அதனால்தான் பிறர் அதை கேம்பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ், பிளேடேட், டாஸ், பிளான் 9 என்று பல இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். புதிய இயங்குதளம் வந்தால் மாற்ற வேண்டியது எமுலேட்டரை மட்டும். அதற்கு மேல் ஓடும் கருவிகள், விளையாட்டுகள் எதையும் தொட வேண்டாம். 2014இல் ஐஓஎஸ்ஸுக்காக வந்த ‘ஓக்வோனி’ விளையாட்டை அவர்கள் பிறகு இதில் மாற்றி எழுதியதற்கும் காரணம் இதுவே.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஐந்தாண்டு காலம், புதிய படைப்புகளுக்குப் போயிருக்க வேண்டிய உழைப்பில் பெரும்பங்கு கருவிகளை மூன்று முறை எழுதுவதில் போனது. ஓரிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளிநாடு போய்வருபவர் இந்த எல்லைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எலக்ட்ரானிலிருந்து சி மொழிக்கு இறங்கிய இரண்டாம் கட்டம் பலருக்கும் பொருந்தும். இன்றைக்கு அதே இடத்தில் கோ, ரஸ்ட் மொழிகளில் ஒரே கோப்பாகத் தொகுக்கும் வழியும் இருக்கிறது.

ஈரக்காற்றும் 12 வோல்ட்டும்

சிறிய கணினிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்கள் சந்திக்கும் பழுதுகள் தனி ரகம். அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. இணையத்தில் நேரம் கேட்டுத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இணையம் இல்லாமல் அணைத்து ஏற்றினால், கடைசியாக எப்போது அணைத்தோமோ அந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். விளைவு: கிட் கம்மிட்டுகளின் (மாற்றப் பதிவுகளின்) தேதி குழம்பும், கோப்பின் நேரத்தைப் பார்த்து எதைத் தொகுப்பது என்று முடிவெடுக்கும் ‘மேக்’ என்ற தொகுப்புக் கருவி தவறான கோப்பைத் தவிர்க்கும், துறைமுகத்துக்கு வந்து இணையம் கிடைத்ததும் ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஹெச்டிடிபிஎஸ் மறுக்கும், நேரத்தை வைத்து 6 இலக்க எண் தரும் இரட்டைச் சரிபார்ப்பும் பொய்க்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையை ஐ2சி முனைகளில் மாட்டினால் தீரும். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. அதற்கான சிறு பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

அடுத்தது மின்னழுத்தச் சரிவு. எஞ்சினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடி இழுக்கும். 12.6 வோல்ட்டில் இருந்த பேட்டரி அந்தக் கணத்தில் 10க்கும் கீழே போகலாம். மலிவான கன்வெர்ட்டர் அங்கே தடுமாறும், பலகை அணைந்து ஏறும், அப்போது எஸ்டி அட்டையில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பமைப்பே சிதையும். எஞ்சினுக்குத் தனிப் பேட்டரி, 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் கன்வெர்ட்டர், எஸ்டி அட்டைக்குப் பதில் யுஎஸ்பி எஸ்எஸ்டி: இந்த மூன்றும் சேர்ந்தால் நிம்மதி. பழைய பேருந்திலோ ஜீப்பிலோ 12 வோல்ட் செருகியில் வேலை செய்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

உப்புக்காற்று மெதுவாகக் கொல்லும். விசிறி வைத்த கணினி அந்தக் காற்றையே உள்ளே இழுத்துப் பலகையில் படியவைக்கிறது. விசிறியில்லாத கணினி, பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பையோடு நீர்புகாப் பெட்டி, மாதம் ஒருமுறை முனைகளைத் துடைத்தல் என்பவை எளிய காப்பு. யுஎஸ்பி-சி முனைகள் பச்சை பிடிப்பதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. உதிரிக் கேபிள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

நாட்காட்டியைப் பருவம் எழுதுகிறது

தெற்குப் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பாய்மரப் படகுகள் அதற்கு முன் நியூசிலாந்து போன்ற பாதுகாப்பான அட்சரேகைக்கு இறங்கிவிடும். பினோவும் 2017 இறுதியில் அங்கேதான் போனது. வட பசிபிக்கை கோடையில்தான் கடக்க முடியும். ஆக ஆண்டு தானாகவே இரண்டாகப் பிரிகிறது: துறைமுகத்தில் கட்டுண்ட நீண்ட மாதங்கள், நகரும் மாதங்கள். பெரிய வேலைகள், தொகுப்பு, வெளியீடு, பயனர் கடிதங்கள் எல்லாம் முன்னதில். இருவர் மட்டும் உள்ள படகில் கடப்பின்போது ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியாது. அந்த உடல்நிலையில் நுணுக்கமான பிழைத்திருத்தம் எதிர்பார்ப்பது கொடுமை. குறிப்பெழுதுதல், வரைதல், படித்தல், காகிதத்தில் வடிவமைத்தல் இவையே ஓடும்.

விமானப் பயணிக்கும் இந்தப் பிரிப்பு பொருந்தும், அளவு மட்டும் சின்னது. மிக முக்கியமான விதி வெளியீட்டைப் பற்றியது. ஆப் ஸ்டோரின் படிப்படி வெளியீடு 7 நாள் ஓடும்: 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம். பாதிப் பயனர்களைத் தாண்டுவதே ஆறாம் நாளுக்குப் பிறகுதான் என்பதால் பெரிய பழுதுகள் கடைசி இரண்டு நாளில் வெளிப்படும். அதற்குப் பிறகு திருத்தம் எழுதி, மறுஆய்வு முடிய மேலும் சில நாள். ஆகவே கிளம்பும் தேதிக்குப் பத்து, பன்னிரண்டு நாளுக்கு முன்னால் வெளியிடாத எதையும் திரும்பி வந்த பிறகே வெளியிடுவது நல்லது. கிளம்பும் முந்தைய இரவு ‘இது சின்ன மாற்றம்தான்’ என்று ஏற்றுவதில்தான் அதிக இழப்பு நேர்கிறது. தவிர்க்க முடியாமல் போய்விட்டால் படிப்படி வெளியீட்டை 30 நாள் வரை நிறுத்திவைக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பொத்தானை அழுத்த ஒரு கைபேசி போதும்.

தளங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே எண்ணம். ஹண்ட்ரட் ராபிட்ஸின் ரெப்போக்கள் சோர்ஸ்ஹட் என்ற நிரல் தளத்தில் இருக்கின்றன. அங்கே பேட்ச்கள் மின்னஞ்சலாகவே போய்வரும். கடிதம் ஆஃப்லைனில் எழுதப்படும், வரிசையில் நிற்கும், இணைப்பு வந்ததும் போகும். உலாவியைத் திறந்துவைத்துப் பொத்தான் அழுத்தும் முறைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வலைத்தளங்களும் நிலையான ஹெச்டிஎம்எல் கோப்புகள்; தரவுத்தளமில்லை, இல்லாத நேரத்தில் உடைக்க ஒன்றுமில்லை.

பணமும் அடையாளமும்

வருமானம் பேட்ரியான் தளத்து ஆதரவாளர்களிடமிருந்தும் இட்ச் போன்ற இணையக் கடைகளில் நடக்கும் விற்பனையிலிருந்தும் வருகிறது. ஒப்பந்த வேலையோடு ஒப்பிட்டால் இதன் பெரிய பலம், மாதக்கணக்கில் பதில் சொல்ல முடியாத நிலையை அது பொறுத்துக்கொள்கிறது என்பது. வாடிக்கையாளர் ஒருவருக்கு ‘51 நாள் கிடைக்கமாட்டோம்’ என்று எழுதினால் வேலை போகும். ஆதரவாளர்கள் அதே 51 நாளின் பதிவுக்காகக் காத்திருப்பார்கள். செலவைக் குறைத்து வாழ்ந்ததால்தான் இந்தச் சிறிய, நிதானமான வருமானம் போதுமானதாக இருந்தது. நகரங்களில் வாடகைக்குத் தங்கிப் பயணிப்பவருக்கு இந்தப் பகுதி அப்படியே பொருந்தாது.

விசா விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லலாம். சுற்றுலா விசாவில் மடிக்கணினியைத் திறந்து வெளிநாட்டு வருமானத்துக்கு வேலை செய்யலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் வருகையாளர் விசாவில் இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. தங்கல் 90 நாளைத் தாண்டினால் வரிப் பொறுப்பு வருமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. மற்ற நாடுகளுக்குப் போகுமுன் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் எழுத்துபூர்வ விதியைப் படிக்காமல் ஊகிக்கக் கூடாது.

படகில்லாதவருக்கு: மூன்று நாள் ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டிலேயே வைஃபையை அணைத்து, கைபேசியை விமான நிலையில் போட்டு, மூன்று நாள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். எந்தக் கருவி எந்த நொடியில் நின்றது, என்ன கேட்டது என்று காகிதத்தில் எழுதுங்கள். ஹண்ட்ரட் ராபிட்ஸ் கடலில் கற்றதை இந்த ஒத்திகை வரவேற்பறையில் கற்றுத்தரும். பெரும்பாலானோர் பட்டியலில் வருபவை இவை:

சார்புத் தொகுப்புகள், அதாவது நம் நிரல் நம்பியிருக்கும் பிறர் நூலகங்கள். ரஸ்டின் கார்கோவிலும் கோ மொழியிலும் ‘வெண்டர்’ கட்டளை எல்லாச் சார்புகளையும் திட்ட அடைவுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கும். பைத்தானில் பிப் ‘டவுன்லோட்’ கொடுத்து வீல் கோப்புகளை (நூலகப் பொதிகளை) சேமிக்கலாம். பயணக் கணினியின் ப்ராசஸர் ஏஆர்எம் வகை என்றால் அந்த வகை வீல்களையே எடுக்க வேண்டும், இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். டாக்கர் பிம்பங்களை (நிரலும் அது ஓடும் சூழலும் சேர்ந்த பொதிகளை) ‘சேவ்’ செய்து கோப்பாக வைத்துக்கொள்ளாவிட்டால், இடம் போதவில்லையென்று ஒருமுறை துப்புரவு செய்ததும் எல்லாம் போய்விடும்.

ஆவணங்கள். ஸீல் அல்லது டாஷ் செயலி, நிரல்மொழி ஆவணங்களை முழுதாக இறக்கித் தரும். இணையமின்றித் தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் வழியாக, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பிரதியைக்கூட எடுத்துப்போகலாம். அது பல பத்து ஜிகாபைட், அதனால் வீட்டு இணைப்பிலேயே முடித்துவிட வேண்டும்.

இரட்டைச் சரிபார்ப்பு. குறுஞ்செய்தியில் ஓடிபி வரும் எந்தக் கணக்கும் பயணத்தின் பலவீனமான கண்ணி. நேரம் சார்ந்த எண் தரும் செயலிக்கோ வன்பொருள் சாவிக்கோ மாற்றுங்கள். சாவி இரண்டு வேண்டும், இரண்டு பையில். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதியை நம்பிக்கையானவரிடம் கொடுத்துப் போங்கள். வங்கிகள் பல இன்னும் குறுஞ்செய்தியையே கேட்பதால் சொந்த நாட்டுச் சிம்மில் ரோமிங் குறுஞ்செய்தி இயங்குகிறதா என்று கிளம்புமுன் சரிபார்க்க வேண்டும்.

காலாவதியாகும் பொருள்கள். டொமைன், ஆப்பிள் உருவாக்குநர் சந்தா, கையெழுத்துச் சான்றிதழ், தானாகப் பணம் பிடிக்கும் அட்டை ஆகிய நான்கின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதினால், எது பயணத்தின் நடுவில் விழுகிறது என்று உடனே தெரியும். அட்டை காலாவதியாகி டொமைன் போனதால் மின்னஞ்சல் நின்று, மின்னஞ்சல் இல்லாததால் எந்தக் கணக்கையும் மீட்க முடியாமல் போவது, ஒரு சின்னத் தேதி ஒரு முழுத் தொழிலை நிறுத்தும் வழி.

காப்பு. கிட்டின் ‘பண்டில்’ கட்டளை முழு ரெப்போவையும் ஒரே கோப்பாக்கும். பென் டிரைவில் போட்டு வேறு பையில் வைக்கலாம், ஊரில் ஒருவருக்குக் கொடுக்கலாம், அதிலிருந்தே நேரடியாக ‘குளோன்’ செய்யலாம். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே, 100 வாட்-மணிக்குள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 27,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்துப் பாருங்கள், 99.9 வரும்.

தமிழில் வேலை செய்பவருக்கு ஒரு கணக்கு

யுஎக்ஸ்என் போன்ற குறுங்கணினிகளைத் தமிழுக்குப் பயன்படுத்த முடியாது என்ற எண்ணம் உண்டு. அதற்கு நியாயமும் இருக்கிறது. யூனிகோடில் தமிழைச் சரியாகக் காட்ட ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நூலகம் வேண்டும். அது 64 கிலோபைட்டில் அடங்காது. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே படமாக வைத்தால் கதை மாறுகிறது. 247 தமிழ் எழுத்து, ஐந்து கிரந்த மெய்களின் வரிசை 65, ‘ஸ்ரீ’ ஒன்று: மொத்தம் 313. கொ, ணௌ போன்ற அகலமானவற்றையும் கணக்கில் கொண்டு ஒவ்வொன்றுக்கும் 32க்கு 16 புள்ளிக் கட்டம் கொடுத்தால் ஓரெழுத்துக்கு 64 பைட், மொத்தம் 20,032 பைட். நினைவகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எழுத்துக்கு ஓர் எண் என்ற இந்த அமைப்பு புதிதல்ல. 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேஸ் 16 குறியேற்றத்தின் அடிப்படையே அதுதான். கோப்பைத் திறக்கும்போது யூனிகோடிலிருந்து இந்த எண்ணுக்கும், சேமிக்கும்போது திரும்பவும் மாற்றும் இரண்டு நடைமுறைகள் எழுத வேண்டும். உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனியாக வருவதால் ஒரு மெய்யைப் படித்ததும் அடுத்த குறியைப் பார்த்துவிட்டே எண்ணை முடிவு செய்ய வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் சில கோப்புகளில் இரண்டு துண்டாகவும் வரும், அவற்றைச் சேர்த்தெண்ணத் தவறினால் ‘கொ’ என்பது ‘கெ’யும் தனிக் காலுமாக உடைந்து நிற்கும். குறியே வராத மெய் என்றால் அகரம், புள்ளி வந்தால் மெய், ‘க்’கை அடுத்து ‘ஷ’ வந்தால் ‘க்ஷ’ வரிசை என்று மூன்று நிபந்தனைகளை முன்னால் வைத்துச் சோதித்தால் மற்றவை வெறும் பெருக்கலும் கூட்டலும்தான்.